ஹைட்ரஜன் எடுக்க ஆல்கஹாலும் செம்பும்: தலைப்புச் செய்திக்குப் பின்னால் உள்ள கணக்கு

கடையில் பிஸ்கட் பாக்கெட்டையோ பற்பசையையோ கையில் எடுத்தால், பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துப் பார்ப்பது நம் வீடுகளில் பழகிப்போன ஒன்று. கிளிசரின் என்று இருந்தால், அது தாவர எண்ணெயிலிருந்து வந்ததா, விலங்குக் கொழுப்பிலிருந்து வந்ததா என்று விசாரிப்போம். ஆல்கஹால் என்று இருந்தால் விசாரணையே இல்லை, அப்படியே திருப்பி வைத்துவிடுவோம். வேதியியல் கணக்கில் இவை இரண்டும் ஒரே குடும்பம். கிளிசரினும் ஓர் ஆல்கஹால்தான்.

வேதியியலில் ஆல்கஹால் என்பது பானத்தின் பெயர் அல்ல. கார்பன் அணு ஒன்றில், ஓர் ஆக்ஸிஜனும் ஒரு ஹைட்ரஜனும் இணைந்த 'ஓஎச்' கூட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த மூலக்கூறுக்கு ஆல்கஹால் என்று பெயர். மதுவில் இருப்பது எத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் புழங்கும், குடித்தால் உயிரைப் பறிக்கும் நஞ்சு மெத்தனால். கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நாம் கவலையோடு தேடும் கொலஸ்ட்ரால்கூட இந்தப் பட்டியலில் வரும். பெயரும் நமக்கு அந்நியமானதல்ல. கண்ணுக்கு இடும் சுர்மாவின் நுண்பொடியைக் குறித்த 'அல்-குஹ்ல்' என்ற அரபுச் சொல், ஐரோப்பாவுக்குப் போய், எந்தப் பொருளிலிருந்தும் பிரித்தெடுத்த நுண்ணிய சாரம் என்று பொருள் விரிந்து, கடைசியில் காய்ச்சி வடித்த மதுச் சாரத்துக்குப் பெயராக நின்றுவிட்டது. இந்தக் கட்டுரையில் அடிக்கடி வரப்போகும் காரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'அல்கலி'யும் அரபிலிருந்து போனதே. உவர்நிலச் செடிகளை எரித்தெடுத்த சாம்பலுக்கு 'அல்-கலீ' என்று பெயர்.

இந்த ஆல்கஹால்களைக் காரக் கரைசலில் கலந்து, செம்பு மின்முனையில் மின்சாரம் செலுத்தி, மலிவாக ஹைட்ரஜன் எடுப்பது பற்றிய ஆய்வுகள் கடந்த பத்தாண்டுகளில் பெருகியிருக்கின்றன. பத்தில் ஒரு பங்கு மின்சாரமே போதும் என்கிற அளவுக்கும் செய்திகள் வருகின்றன. மூலிகைப் பெட்ரோல் கதையைப் பார்த்த ஊர் நம்முடையது. சந்தேகம் வருவது நியாயம். இது அந்த வகை அல்ல, ஆய்வகங்களில் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கப்பட்ட உண்மையான வேதியியல். ஆனால் தலைப்பு சொல்வதற்கும் கணக்கு சொல்வதற்கும் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைத்தான் நாம் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஹைட்ரஜன் யாருக்குத் தேவை?

ஹைட்ரஜன் என்றதும் கார், பஸ் என்று பேச்சு போய்விடுகிறது. இன்றைக்கு அதை அதிகம் விழுங்குவது வண்டிகள் அல்ல, உர ஆலைகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும். வயலில் போடும் யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும், அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். பெட்ரோல், டீசலிலிருந்து கந்தகத்தை நீக்கவும் அது வேண்டும். 2023இல் உலகம் பயன்படுத்திய ஹைட்ரஜன் சுமார் 9.7 கோடி டன். அதில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவையும் நிலக்கரியையும் உடைத்து எடுக்கப்பட்டது. வளைகுடாவில் சுத்திகரிப்பு ஆலைகளிலும் உர ஆலைகளிலும் வேலை செய்யும் நம் சகோதரர்களுக்கு, எரிவாயுவையும் நீராவியையும் பெரும் சூட்டில் சேர்க்கும் அந்த உலைகள் நன்றாகத் தெரியும். அந்த முறையில் ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் 9 முதல் 10 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது.

இதைத் தவிர்க்க வேண்டுமானால், வெயிலிலும் காற்றிலும் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரிக்க வேண்டும். பசுமை ஹைட்ரஜன் என்று சொல்வது இதைத்தான். 2023 ஜனவரியில் இந்திய அரசு 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. சவூதியின் நியோம் பகுதியில் நாளொன்றுக்கு 600 டன் வரை ஹைட்ரஜன் எடுக்கும் ஆலை எழுந்து வருகிறது. எங்கு போனாலும் வழிமறிப்பது ஒன்றுதான்: மின்சாரச் செலவு.

தண்ணீர் கேட்கும் கூலி

தண்ணீரைப் பிரிக்க ஏட்டுக் கணக்கில் 1.23 வோல்ட் போதும். நடைமுறையில் 1.8 முதல் 2 வோல்ட் வரை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 26.6 யூனிட் மின்சாரம் செலவு. ஆக 1.8 வோல்ட்டில் 48 யூனிட். துணைக் கருவிகளையும் சேர்த்தால் 50 முதல் 55 யூனிட். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பது 100 யூனிட். அதில் பாதி, ஒரே ஒரு கிலோ வாயுவுக்குப் போய்விடும்.

இந்தக் கூடுதல் வோல்ட் எங்கே போகிறது? பெரும்பாலும் ஹைட்ரஜன் வரும் பக்கத்தில் அல்ல. எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் சுலபமாகக் குமிழியிட்டுக் கிளம்பிவிடும். நேர்மின்வாயில்தான் தகராறு. இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு எலக்ட்ரான்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பறித்து, இரண்டு ஆக்ஸிஜன் அணுக்களை ஒன்றோடொன்று கட்டிவிட வேண்டும். ஒவ்வொரு படியும் மெதுவாக நடக்கும். அமிலச் சூழலில் இதற்குத் தாக்குப்பிடிக்கும் வினையூக்கி இரிடியம். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏழெட்டு டன்தான் கிடைக்கிற உலோகம் அது. இவ்வளவு பாடுபட்டு வரும் ஆக்ஸிஜனை, பெரும்பாலான இடங்களில் காற்றில் திறந்துவிடுகிறார்கள். ஒரு கிலோ ஹைட்ரஜனோடு எட்டு கிலோ ஆக்ஸிஜன் வருகிறது, வாங்க ஆள் இல்லை.

இங்கேதான் ஆல்கஹால் நுழைகிறது. நேர்மின்வாயில் எலக்ட்ரான் கொடுக்க ஏதோ ஒன்று வேண்டும், அது தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே? ஆல்கஹால் தண்ணீரைவிடச் சுலபமாக எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும். கரைசலில் கொஞ்சம் கிளிசரினோ மெத்தனாலோ கலந்தால், ஆக்ஸிஜனுக்குப் பதிலாக அந்த ஆல்கஹால் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து வேறு பொருளாக மாறும். மறுபக்கத்தில் வழக்கம்போல ஹைட்ரஜன். ஆக்ஸிஜன் வராததால், இரண்டு வாயுக்களும் கலந்து வெடிக்கும் அபாயமும் குறைகிறது.

மெத்தனால் இப்படி மாறும் பாதையை நம் உடல் வேறொரு விதத்தில் அறியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கல்லீரலின் நொதிகள் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. பார்வை நரம்பைச் சிதைப்பதும் உயிரைக் குடிப்பதும் அந்தக் கடைசிப் பொருள்தான். அதே மெத்தனாலைக் காரக் கரைசலில் மின்முனை மாற்றும்போது கிடைப்பதும் ஃபார்மிக் அமிலத்தின் உப்பான ஃபார்மேட். உடலுக்குள் நஞ்சாவது தொழிற்சாலையில் சரக்காகிறது.

செம்பு செய்யும் வேலை

ஆல்கஹாலை ஆக்ஸிஜனேற்றுவதில் பெயர் பெற்ற உலோகம் பிளாட்டினம். அதன் விலை ஒரு குறை. இன்னொரு குறை, வினையின் நடுவில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு விலகாது. மூடிய அறையில் ஜெனரேட்டர் புகையைச் சுவாசித்தவரின் ரத்தத்தை அடைத்துக்கொள்ளும் அதே வாயுதான் இங்கே பிளாட்டினத்தை அடைத்துக்கொள்கிறது.

செம்பு மலிவு, எங்கும் கிடைப்பது. ஆல்கஹால் விஷயத்தில் அது வேலை செய்யும் விதமும் வேறு. காரக் கரைசலில் மின்னழுத்தம் ஏறும்போது செம்பின் மேல் கருமையான ஆக்சைடு படலம் உருவாகிறது. இன்னும் ஏறினால், அந்தப் படலத்தின் சில செம்பு அணுக்கள் வழக்கமான இரண்டுக்குப் பதிலாக மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலைக்குப் போகின்றன. எலக்ட்ரானுக்குப் பசித்த அந்த மேற்பரப்பு, அருகில் வரும் ஆல்கஹாலிடமிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்புகிறது. மின்சாரம் அதை மறுபடி பசிக்க வைக்கிறது. உண்மையில் வேலை செய்வது அந்த மூன்றாம் நிலைச் செம்புதானா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாக்குவாதம் உண்டு.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1972லேயே ஃபிளைஷ்மன், கோரினெக், பிளெட்சர் ஆகிய மூவரும் நிக்கல், வெள்ளி, செம்பு, கோபால்ட் மின்முனைகளில் ஆல்கஹால்கள் எப்படி ஆக்ஸிஜனேறுகின்றன என்று விரிவாக எழுதிவிட்டார்கள். 1989இல் 'குளிர் அணு இணைவு' கண்டுபிடித்ததாக அறிவித்து உலகத்தின் கேலிக்கு ஆளானாரே, அதே மார்ட்டின் ஃபிளைஷ்மன்தான். அந்த அறிவிப்பு நிற்கவில்லை, இந்த ஆய்வு இன்றும் நிற்கிறது. அன்று யாரும் பசுமை ஹைட்ரஜனைத் தேடவில்லை. இன்று தேடுவதால் பழைய வேதியியலுக்குப் புதிய மவுசு.

சரி, மிச்சம் எவ்வளவு? ஆக்சைடு படலம் கொண்ட செம்பு வேலை தொடங்கவே கணிசமான அழுத்தம் வேண்டும். நடைமுறையில் மிச்சமாவது 0.2 முதல் 0.4 வோல்ட் வரை. நடுவில் 0.3 என்று வைத்துக்கொண்டால் கிலோவுக்கு 8 யூனிட். 48இல் 8 என்றால் ஆறில் ஒரு பங்கு. நல்ல மிச்சம்தான், ஆனால் தலைப்புச் செய்தி சொன்ன அதிசயம் இதில் இல்லை.

அந்த அதிசயம் வருவது செம்பின் இன்னொரு முகத்திலிருந்து. ஆல்கஹாலின் அடுத்த படியான ஆல்டிஹைடுகளை, ஆக்சைடு படலம் இல்லாத வெறும் செம்பு, மிகக் குறைந்த அழுத்தத்திலேயே ஆக்ஸிஜனேற்றிவிடும். அப்போது ஆல்டிஹைடிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அணுக்கள் செம்பின் மேல் ஒன்றோடொன்று சேர்ந்து வாயுவாகவே வெளியேறுகின்றன. ஆக, இரண்டு மின்வாய்களிலும் ஹைட்ரஜன்! சீனாவின் ஹுனான் பல்கலைக்கழகக் குழு 2022இல் 'நேச்சர் கேட்டலிசிஸ்' இதழில் இதை வெளியிட்டது. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜனுக்கு வழக்கமாகத் தேவைப்படுவது சுமார் 5 யூனிட், இதில் சுமார் 0.35 யூனிட். பத்தில் ஒன்றுக்கும் குறைவு.

இந்த வேதியியலின் வேரும் பழையது. மின்சுற்றுப் பலகைகளின் துளைகளுக்குள் மின்சாரம் இல்லாமலே செம்பு பூசும் தொட்டிகளில் ஃபார்மால்டிஹைடும் காரமும்தான் இருக்கும். அங்கே செம்பு படியும்போது ஹைட்ரஜன் குமிழிகள் வருவதை அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள்.

ஆனால் அந்த மீதி ஆற்றல் எங்கிருந்து வருகிறது? இனாமாக எதுவும் வருவதில்லை. அது ஃபார்மால்டிஹைடுக்குள் ஏற்கெனவே அடைத்து வைக்கப்பட்ட ஆற்றல். ஃபார்மால்டிஹைடு வருவது மெத்தனாலிலிருந்து, மெத்தனால் வருவது பெரும்பாலும் இயற்கை எரிவாயு அல்லது நிலக்கரியிலிருந்து. மின்சார மீட்டரில் குறைந்தது, எரிவாயு மீட்டரில் முன்பே ஓடிவிட்டது. போதாததற்கு, ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதி செய்யப்பட்ட ஒன்று. அதனால் கரும்புச் சக்கை, மக்காச்சோளக் கதிரின் சக்கை ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஃபர்ஃபூரால் என்ற ஆல்டிஹைடை வைத்து இதையே செய்து பார்க்கிறார்கள். எங்களுக்கு அந்த வழியில்தான் கொஞ்சம் நம்பிக்கை.

கிளிசரின் கணக்கு

இனி, நல்ல பெயர் வாங்கியிருக்கும் கிளிசரினுக்கு வருவோம். எண்ணெயிலிருந்து பயோடீசல் தயாரிக்கும்போது பத்தில் ஒரு பங்கு எடைக்குக் கிளிசரின் உபரியாக வருகிறது. சோப்பு ஆலைகளிலும் அப்படித்தான். சுத்தம் செய்யாத கிளிசரின் அடிமட்ட விலைக்குப் போவதால், அதை ஹைட்ரஜனுக்குத் திருப்பலாமே என்பது யோசனை.

ஒரு டன் கிளிசரின் முழுவதும் செம்பின் மேல் ஃபார்மேட்டாக மாறிவிடுவதாக வைத்துக்கொள்வோம். எதிர்மின்வாயில் கிடைக்கும் ஹைட்ரஜன் 87 கிலோ. நேர்மின்வாயில் கிடைக்கும் சோடியம் ஃபார்மேட் 2.2 டன். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். இதை ஹைட்ரஜன் ஆலை என்று சொல்வதைவிட, ஹைட்ரஜனைக் கொசுறாகத் தரும் ஃபார்மேட் ஆலை என்று சொல்வதே பொருத்தம்.

கொசுறுக்காக ஆலை கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நியோமை எடுத்துக்கொள்ளலாம். அதன் 600 டன்னை இந்த வழியில் எடுக்க வேண்டுமானால் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கிளிசரின் வேண்டும். உலகின் பயோடீசல் ஆலைகள் எல்லாம் சேர்ந்து தரும் கிளிசரினில் ஏறத்தாழ பாதி, ஒரே ஆலைக்கு. கிடைக்கும் ஃபார்மேட்டை அமிலமாகக் கணக்கிட்டால் 38 லட்சம் டன். உலகம் முழுவதும் ஆண்டுக்கு வாங்கும் ஃபார்மிக் அமிலமோ சுமார் 10 லட்சம் டன் அளவில்தான். சந்தையில் கொட்டினால் விலை சரிந்துவிடும், விலை சரிந்தால் கணக்கு கவிழ்ந்துவிடும்.

பல ஆய்வறிக்கைகள் மேலோட்டமாகத் தாண்டிப்போகும் இன்னொரு செலவு இருக்கிறது. உருவாகும் ஒவ்வொரு ஃபார்மேட்டும் கரைசலிலிருந்து ஒரு பங்கு காரத்தைத் தின்றுவிடும். மேலே சொன்ன ஒரு டன் கிளிசரினுக்கு 1.3 டன் காஸ்டிக் சோடா போகும். உப்புக் கரைசலிலிருந்து காஸ்டிக் சோடா எடுப்பதும் மின்சாரத்தால்தான், டன்னுக்கு 2,000 யூனிட்டுக்கு மேல். ஆக 87 கிலோ ஹைட்ரஜனில் கிலோவுக்கு 8 யூனிட் வீதம் நாம் மிச்சம் பிடித்தது சுமார் 700 யூனிட். அதற்காகத் தின்ற காரத்துக்குள் ஒளிந்திருப்பது 2,600 யூனிட்டுக்கு மேல். ஃபார்மிக் அமிலம்தான் வேண்டும் என்றால் இன்னொரு அமிலத்தை ஊற்றிப் பிரிக்க வேண்டும், அப்போது அந்தக் காரம் விலை போகாத உப்பாக ஒதுங்கிவிடும்.

சோடியம் ஃபார்மேட்டாகவே விற்க முடிந்தால் மட்டும் கதை மாறுகிறது. ஏனென்றால் இன்றைக்கு அதைத் தயாரிக்கும் வழக்கமான முறையிலும், கார்பன் மோனாக்சைடோடு அதே அளவு காஸ்டிக் சோடாவைத்தான் செலவழிக்கிறார்கள். அப்போது காரம் நஷ்டக் கணக்கில் வராது, ஹைட்ரஜன் உண்மையிலேயே லாபத்தில் நிற்கும். வாங்குவது யார்? வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிலில் இருக்கும் குடும்பங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குரோம் பதனிடும்போது சோடியம் ஃபார்மேட்டும், சாயத்தை நிலைநிறுத்த ஃபார்மிக் அமிலமும் அங்கே அன்றாடம் புழங்குபவை. ஆண்டுக்கு சில ஆயிரம் டன் கிளிசரின் கிடைக்கும் இடத்தில், இப்படிப்பட்ட வாடிக்கையாளர்களுக்குப் பக்கத்தில், சிறிய அளவில் இந்த முறைக்கு இடம் இருக்கிறது. பெரிய அளவில் இல்லை என்பதே எங்கள் கணிப்பு.

விலை உயர்ந்த சரக்கை எடுக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. காரத்தன்மையைக் குறைத்து வைத்தால், செம்பு ஆக்சைடு கிளிசரினை ஃபார்மேட் வரை உடைக்காமல், டைஹைட்ராக்ஸி அசிட்டோன் என்ற பொருளோடு நிறுத்துகிறது. மேல்நாடுகளில் வெள்ளைத் தோலைப் பழுப்பாக்கப் பூசும் கிரீம்களில் சேர்ப்பது இதைத்தான் (நம் ஊரில் அதற்கு நேர்மாறான கிரீமுக்குத்தான் கிராக்கி). பழைய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களைக் காரத்தில் கரைத்தால் எத்திலீன் கிளைக்கால் கிடைக்கும், அதையும் ஃபார்மேட்டாக மாற்றலாம். தாவரச் சர்க்கரையிலிருந்து வரும் எச்எம்எஃப் என்ற பொருளை இப்படி ஆக்ஸிஜனேற்றினால், தாவரவழிப் பாட்டில்களுக்கான மூலப்பொருள் கிடைக்கிறது. சரக்கின் விலை ஏற ஏற, ஹைட்ரஜன் எவ்வளவு வந்தது என்ற கேள்வியின் முக்கியத்துவம் குறைந்துகொண்டே போகும்.

செம்பு எத்தனை நாள் தாங்கும்?

பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு செம்புக் கம்பிகளை உப்புத் தண்ணீரில் வைத்து பேட்டரியில் இணைத்துப் பார்த்திருப்பார்கள். சிறிது நேரத்தில் நேர்முனைக் கம்பி அரித்து, தண்ணீர் நிறம் மாறிக் கலங்கிப்போகும். வினையூக்கியாக நிற்க வேண்டிய செம்பு, தானே ஆக்ஸிஜனேறிக் கரைவதுதான் அது. காரக் கரைசலில் ஆக்சைடு படலம் அதைப் பெருமளவு காப்பாற்றுகிறது. ஆனால் காரம் மிகவும் கெட்டியானால் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்கும். கரைந்த செம்பு எதிர்மின்வாய்க்குப் போய், ஹைட்ரஜன் எடுக்கும் முனையின் மேல் படிந்தும் விடலாம். ஆல்டிஹைடு முறையில் தொல்லை வேறு விதம். அங்கே வெறும் செம்பு வேண்டும், அழுத்தம் சற்று ஏறினாலும் ஆக்சைடு படலம் வந்து வேலையை நிறுத்திவிடும். வேகமாக உற்பத்தி செய்ய அழுத்தத்தை ஏற்றலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கார மின்கலங்களில் நீண்ட காலம் தாக்குப்பிடிப்பதில் நிக்கல்தான் இன்னும் கெட்டிக்காரன்.

இந்தத் துறையின் ஆய்வறிக்கைகளில் ஒரு செம்பு மின்முனை நூறு மணி நேரம் சோர்வில்லாமல் ஓடியது என்றால் அதை நல்ல செய்தியாக எழுதுகிறார்கள். தண்ணீரைப் பிரிக்கும் தொழிற்சாலைக் கலங்களை வாங்குபவர்கள் கேட்பது குறைந்தது 60,000 மணி நேரம், அதாவது இடைவிடாமல் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள்.